ஸஹ்றாவின் கூரையும் டில்லி அரசாங்கமும்

இந்தியாவின் தயவு இல்லாமலேயே இலங்கையால் கறி தாளிக்க முடியும் என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டும் பொறுப்பு ஆலங்குடா இஸ்ஸதீனின் தோளில் இறங்கியிருந்தது. யாரும் தூக்கி வைக்கவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்தது. அவரும் தட்டிவிடவில்லை.

"டில்லியில எந்த அரசாங்கம் வந்தாலும் போனாலும் ஆலங்குடாவில ஒரு வெங்காயத் தோலும் அசையாது" என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. பள்ளிவாசலில் இன்னார் இறந்துவிட்டார் என்று மௌத்து அறிவித்தல் வாசிக்கிறவரின் முகம் அது.

அவருடைய மனைவி நஃபீஸா அந்த முகத்தோடு இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள். இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் ஒருமுறை, புத்தளம் மாவட்டத்தில் குடை விற்பது பெரிய மோசடி என்று அறிவித்தார். அடுத்த கிழமை பெய்த மழையில் தெப்பமாக நனைந்து காய்ச்சலில் கிடந்தார். அந்தக் காய்ச்சல் நுளம்பு கடித்து வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். ஆகவே டில்லி விஷயத்திலும் நஃபீஸா வாக்குவாதப்படப் போகவில்லை. கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள்.

ஆனால் இந்த முறை அவருடைய கொள்கைக்கும் ஒரு கூரைக்கும் தொடர்பு இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

மகள் ஸஹ்றாவுக்குத் தில்லையடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை முனாஸ் புத்தளம் டவுனில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன், அடக்கமான பிள்ளை. பெண் வீட்டார் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவர வேண்டும் என்பது பேச்சு. வளவின் மேற்குப் பக்கத்தில் அந்த வீடு எழும்பி நின்றது. சுவர் ஆயிற்று, கதவு ஆயிற்று, ஜன்னலுக்குக் கம்பிகூடப் போட்டாயிற்று. கள்ளன் ஜன்னலால் வர முடியாது. மேலே இருந்து வசதியாக இறங்கலாம். கூரை மட்டும் இல்லை. கூரை, வளவின் மறுபக்கத்தில் வெங்காயக் கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிடுங்கிய சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவிட்டு, பிடிபிடியாகக் கட்டி, கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் தடி தடியாகத் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நல்ல விலை வரும்வரை அது அங்கேயே தொங்கும். அந்த வருடம் விலை வந்திருந்தது. வந்தது மட்டுமல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தும் விட்டது.

காரணம் ஊரறிந்தது. இந்தியாவில் வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு. அங்கிருந்த அரசாங்கம், இனி ஒரு வெங்காயமும் வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்தியது. இங்கே பம்பாய் வெங்காயம் என்கிற அந்தப் பெரிய வெங்காயம் வராமல் போனதும் நாட்டிலுள்ள குசினிகளெல்லாம் சின்ன வெங்காயத்தின் பக்கம் முகத்தைத் திருப்பின. எந்நாளும் எங்கள் ஒழுங்கையை ஏறிட்டும் பார்க்காத தம்புள்ளை லொறிகள் மணலில் டயர் புதையப் புதைய வந்து ஹோர்ன் அடித்தன.

இஸ்ஸதீன் மட்டும் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார். "வெங்காயத்தின்ட குணம். சனத்துக்கு இப்பதான் நாக்குத் திறந்தீக்கி."

*

நஃபீஸாவின் நானா, அதாவது அண்ணன், நூர்தீன் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஒரு டிஷ். அந்த டிஷ்ஷின் புண்ணியத்தில், ஒருநாளும் இந்தியாவில் கால் வைக்காத நூர்தீனுக்கு இந்தியாவின் தொகுதிகள் எல்லாம் மனப்பாடம். எந்த ஊரில் எந்தச் சாதிக் கணக்கு, எந்த மந்திரிக்கும் எந்த மருமகனுக்கும் மனஸ்தாபம் என்று வெற்றிலை மடித்தபடியே சொல்வார். புத்தளத்தில் நிற்கிற வேட்பாளர்களின் பெயரை மட்டும் வாக்குச் சீட்டில்தான் முதல்தரம் வாசிப்பார்.

இந்தியத் தேர்தலில் வாக்கு எண்ணிய நாளில் நஃபீஸா பாண் வாங்கப் போனாள். கடைக்குள் நிற்க இடமில்லை. வெங்காயக்காரர் பாதிப் பேர் அங்கேதான். டீவியில் பெட்டி பெட்டியாக எண்கள் ஓடின. நூர்தீன் கல்லாவில் இருந்தபடியே இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை இறுக மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்றார் வாசலில் சாய்ந்து நின்ற இஸ்ஸதீன், "என்ன கேக்கிறீங்க அல்லாஹ்கிட்ட?"

"எங்கட வெங்காயத்துக்குப் பாதகம் செய்யாத ஒரு அரசாங்கத்த அந்தச் சனத்துக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கிறன்."

"விசா எடுத்தீங்களா?"

"என்னத்துக்கு?"

"துஆக்கு. விசா இல்லாமப் போனா தலைமன்னாரத் தாண்டாது மச்சான். கஸ்டம்ஸ்காரன் பிடிச்சு வெச்சுக்குவான்."

கடை சிரித்தது. சிரிப்புக் கிடைத்ததும் இஸ்ஸதீனுக்குக் கால் தரையில் நிற்காது. நூர்தீனைப் போலவே கண்ணை இடுக்கி, கையை ஏந்தி, தலையை இடமும் வலமும் ஆட்டி, "யா அல்லாஹ், இன்ன தொகுதியில இன்ன ஆளுக்கு இன்னும் ரெண்டு வோட்டுக் குடு, எண்ட கடையில அவருக்கு ஒரு பிளேன்டீ சும்மா தாறன்" என்று நடித்துக் காட்டினார். சந்தியில் மீன் வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

நூர்தீன் கோபப்படவில்லை. சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"சிரிங்க மச்சான். முன்னுக்கு வாற கட்சி, வந்த உடனே கதவத் திறப்பம் எண்டு அவங்கட வெங்காயக்காரருக்குச் சொல்லியீக்கி. திறந்தா கொழும்புக்குக் கப்பல் வர எவ்வளவு நேரம்? இண்டைக்கே வித்துப் போடுங்க."

"ஒரு வெங்காயத் தோலும்..." என்று இஸ்ஸதீன் தொடங்கினார்.

"அசையாது, தெரியும்," என்றார் நூர்தீன். "தங்கச்சி, பாண் ரெண்டா ஒண்டா?"

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் அங்கே ஆட்சி மாறிவிட்டது. கடையிலிருந்த பாதிப் பேர் தேத்தண்ணியை முடிக்காமலே தம்புள்ளைக்குப் போன் எடுத்தார்கள்.

*

இஸ்ஸதீன் போன் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளின் கூரையில்லாத வீட்டுக்குள் போய் நின்றார். தினமும் பின்னேரம் அப்படி நிற்பது அவர் பழக்கம். இந்த மூலையில் அலுமாரி, அந்த ஜன்னலால் கடல்காற்று என்று ஒருவரும் இல்லாத அறையில் விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருப்பார்.

நஃபீஸா பின்னால் வந்தாள். "நானா சொல்றதக் கேட்டா என்ன? இண்டைக்கு இருக்கிற விலைக்கு வித்தாலே வீடு முழுக்கக் கூரைச் சீட் போட்டு முடிச்சிடலாமே."

"சீட்டா?"

"வேற என்ன?"

"சீட்டுப் போட்டா பகல்ல இது வீடில்ல, பாண் சுடுற போறணை. அவளுக்கு வெயில் சூடு பட்டா தலயிடி வரும். சின்னதில இருந்து வாற தலயிடி, ஒனக்குத் தெரியாதா? ஓடுதான். இன்னும் கொஞ்சம் விலை ஏறினா ஓடு போடலாம்."

இந்த மனிதர் டில்லியோடு தனியாக நின்று மல்லுக்கட்டுவது இதற்காகவா என்று நஃபீஸா பார்த்தாள்.

வாசலில் வந்து நின்ற ஸஹ்றா, "வாப்பா, எனக்கு சீட்டே போதும், மண்டைக் குத்துக்குப் பெனடோல் இருக்கு," என்றாள்.

"மாசம் மாசம் பெனடோலுக்குக் குடுக்கிறத்த இப்ப ஓட்டுக்குக் குடுப்பம்," என்றார் அவர். "விலை ஏறும். ஏறாம எங்க போற?"

"ஏறாட்டி?" என்றாள் நஃபீஸா.

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்பப் போய் வித்தா, ஒங்கட நானாட டீவிக்குப் பயந்து இஸ்ஸதீன் வித்தான் எண்டு ஊர் கதைக்கும். கடையில அவ்வளவு பேருக்கு முன்னால நான்..." மீதியைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. துஆவுக்கு விசா கேட்டவர் அன்றைக்கே தராசைத் தூக்கினால் சந்தியில் அவருக்கு ஒரு வருடத்துக்குப் பட்டப்பெயர் தயார்.

*

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் உம்மா முனவ்வரா, வட்டிலப்பம் ஒரு தட்டோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். ஹோலின் நடுவில் நின்று மேலே அண்ணாந்தார். ஒரு காகம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பறந்தது.

"வீடு நல்ல காத்தோட்டம்," என்றார்.

ஸஹ்றா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே முனவ்வரா விஷயத்துக்கு வந்தார். "நான் அவசரப்படுத்தல்ல. முனாஸ்ட நானா கட்டார்ல இருந்து லீவுல வாறார். அவர் இருக்கிற நேரம் நிக்காஹ் முடிஞ்சா எங்களுக்குச் சந்தோசம். அவர் போயிட்டா, பொறகு மழ, அடுத்த வருசம்தான். கூரை இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளைய எப்பிடி அனுப்புற? நீங்களே சொல்லுங்க."

குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனதை நஃபீஸா கேட்டாள். அடக்கமான பிள்ளைதான் முனாஸ்; ஆனால் அவன் பெயர் வந்தால் ஸஹ்றாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிடும். ஒரு வருடம் என்பது அந்தக் கைக்கு நீண்ட காலம்.

"கூரையா?" என்றார் இஸ்ஸதீன், அந்த மௌத்து அறிவித்தல் முகத்தோடு. "ராத்தா, கூரையப் பத்தி நீங்க யோசிக்க வாணாம். கொட்டில்ல தொங்குது. இன்னும் கொஞ்சம் பழுக்கணும், அவ்வளவுதான்."

"வெங்காயம் பழுக்குமா?"

"விலை."

முனவ்வரா நஃபீஸாவைப் பார்த்தார். நஃபீஸா வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றை அப்போதுதான் வெளியே எடுத்தாள்.

"ஸஹ்றாட வாப்பா, எண்ட கட்டுக்கூலி இன்னும் வரல்லயே."

அந்தப் பக்கத்தில் வெங்காயம் பிடுங்குவது ஆண்கள், பிடி கட்டுவது பெண்கள். கட்டுகிற பெண்ணுக்குக் காசு கிடையாது. பத்துப் பிடி கட்டினால் ஒரு பிடி அவளுக்கு. அடுத்த வளவுப் பெண்கள் வந்து கட்டினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்காரி கட்டினாலும் கணக்கு அதுதான்; ஆனால் எந்த வீட்டுக்காரியும் கேட்டதில்லை. கேட்டால் புருஷன் சிரிப்பான். இஸ்ஸதீனும் சிரித்தார். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் தாராளம் காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் எப்போது வரும்?

"எடு! தடுத்தது யாரு? நாளைக்கு விலை ஏறுற நேரம் நீயும் பணக்காரி."

"இந்தப் போகத்துக் கூலி மட்டுமில்ல."

"பொறகு?"

"கலியாணம் முடிச்சு இந்த வளவுக்கு வந்த நாள்ல இருந்து."

இஸ்ஸதீனின் வாய் திறந்தது. முனவ்வரா தேத்தண்ணிக் கோப்பையை உதட்டில் வைத்தபடி, இது எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பின்வாங்குகிற ஆள் இல்லை இஸ்ஸதீன்.

"எடு எண்டு சொன்னேனே! எவ்வளவு வேணுமோ எடு. இஸ்ஸதீன்ட கொட்டில்ல கூலிக்குப் பஞ்சமா?"

"முழுக்கக் கணக்குப் பாத்தா கொட்டில் பத்தாது," என்றாள் நஃபீஸா. "பாதி போதும். மிச்சத்த உங்களுக்கு விட்டுத் தந்து ஹலாலாக்கிட்டன்."

"மாஷா அல்லாஹ்," என்றார் முனவ்வரா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

*

மறுநாள் விடிந்ததும் நூர்தீன் ஏற்பாடு செய்த லொறி வந்தது. இஸ்ஸதீன் தோட்டத்தில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து பார்த்தபோது கொட்டிலின் வடக்குப் பாதி வெறும் தடியாக நின்றது. வெங்காயத் தோல்கள் மணலில் உருண்டு வேலியோரம் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம். தோல் அசைந்ததா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"நேத்துச் சொன்னனே. ராத்தா சாட்சி."

"இன்னும் ஏறும் புள்ள. நட்டப்பட்டுட்டாய்."

"ஏறட்டும். உங்கட பாதி இருக்குத் தானே. அதுல ரெண்டு வீட்டுக்கு ஓடு போடுங்க."

அவர் சந்திக்குப் போய், பெண்களின் கூலி விவகாரத்துக்கும் தன் கொள்கைக்கும் சம்பந்தமில்லை என்று ஓர் அறிக்கை விட்டார். அறிக்கையை நூர்தீன் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, ஒரு பிளேன்டீயும் கொடுத்தார்.

நஃபீஸா அந்தக் காசை எடுத்துக்கொண்டு நேராக ஓட்டுக் கடைக்குத்தான் போனாள். சீட் என்றால் வீடு முழுக்க மூடியிருக்கும். ஓடு என்பதால் அறைக்கும் ஹோலுக்கும்தான் காசு காணும். குசினிக்கும் விறாந்தைக்கும் வானம்தான்.

கூரை வேலைக்கு வந்த மேசன் பாஸ் தலையைச் சொறிந்தார். "அரைவாசிக் கூரை போடுற வேலைய நான் இன்னும் செய்யல்ல. மத்தப் பாதி எங்க?"

"கொட்டில்ல," என்றாள் ஸஹ்றா. "பழுக்குது."

*

ஓடு ஏறிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது நடந்தது. டில்லியில் புதிதாக வந்தவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்வார்கள் என்று இஸ்ஸதீன் எதிர்பார்க்கவில்லை. அந்த வகையில் அவருக்கு நடந்தது அநியாயம்தான். அங்கே கதவு திறந்தது. கொழும்பில் கப்பல் வந்து நின்றது. பம்பாய் வெங்காயம் பெரிய பெரிய சிவப்பு வலைப் பைகளில் புத்தளம் சந்தைக்கு வந்து, உயிரோடு திரும்பிய சொந்தக்காரனைப் போல எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. குசினிகள் முகத்தை மறுபடி அந்தப் பக்கம் திருப்பின.

தம்புள்ளை லொறிகள் சந்தி வரைக்கும் வந்தன. ஒழுங்கைக்குள் திரும்பவில்லை.

"டயர்ப் பிரச்சின," என்றார் இஸ்ஸதீன் முதல்நாள்.

"டிரைவர்மார் லீவு," என்றார் இரண்டாம் நாள்.

மூன்றாம் நாள் காரணம் தீர்ந்துபோயிற்று. கடைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாராவது 'விசா' என்று ஆரம்பித்தால் போதும். டீவியில் யாரோ வெங்காயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நூர்தீன் எழுந்து போய் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கிரிக்கெட் பக்கம் திருப்பிவிட்டு, "மச்சான், நம்மட பயலுகள் இண்டைக்கு எத்தின அடிப்பாங்க?" என்று கேட்டார். நூர்தீனுக்குக் கிரிக்கெட் என்றால் வேப்பங்காய். இதைப் பின்னர் நஃபீஸாவிடம் சொன்ன இஸ்ஸதீன், "ஒங்கட நானாக்குக் கிரிக்கெட்டில ஒண்டும் விளங்காது" என்று முடித்துவிட்டு, நெடுநேரம் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அறைக்கும் ஹோலுக்கும் ஓடு போட்டு முடிந்த அன்று, உச்சி வெயிலில், அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு மகளின் வீட்டுக்குள் போனார். ஸஹ்றாவைக் கூப்பிட்டு ஓட்டுக்குக் கீழே உட்கார வைத்தார். எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"தலயிடி இரிக்கா?"

"இல்ல வாப்பா."

"இன்னும் கொஞ்சம் இருந்து பாரு."

இருந்தாள். மேற்கு ஜன்னலால் காற்று வந்தது. தூரத்தில் நுரைச்சோலைப் பக்கத்து மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இப்ப?"

"குளிருது வாப்பா."

"ஓடு எண்டா ஓடுதான்," என்றார் அவர், தன் கையாலேயே சூளையில் சுட்டு எடுத்தவரைப் போல. கதவோரம் நின்ற நஃபீஸா அதைத் திருத்தவில்லை. ஓடு வாங்கியது அவள். ஆனால் ஓடு வேண்டும் என்று முதலில் நினைத்தது அவர்தான். அந்தக் கணக்கில் அவருக்கும் கொஞ்சம் கூலி சேர வேண்டியிருந்தது.

*

முனவ்வரா மறுபடி வந்தார். இந்த முறை அண்ணாந்து பார்த்தபோது காகம் இல்லை. விறாந்தையில் நின்று பார்த்தபோது இருந்தது.

"படுக்க இடம் மூடி இருக்கு," என்றார் யோசித்து. "முனாஸுக்குப் பாதி வீடு போதும், அவன் மெலிஞ்ச புள்ள. சமையல் இப்போதைக்கு ஒங்கட குசினியில நடக்கட்டும். அவன்ட நானா போறத்துக்கு முந்தி நாள் வெப்பம். ஆனா தம்பி, மழ வர முந்தி மத்தப் பாதியும் போட்டுடணும். மருமகன் நனைஞ்சு சோறு திங்க வரக் கூடாது."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் இஸ்ஸதீன்.

நஃபீஸா திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் வாயால் எதையும் நிபந்தனையோடு சொல்லி அவள் கேட்டதில்லை. மழை, குடை, டில்லி எல்லாமே அவருக்கு முடிந்த முடிவு. குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது; ஒரு பாட்டும் சேர்ந்து வந்தது.

நாள் குறித்தார்கள். ஊருக்குச் சொன்னார்கள். சாமானுக்குப் பட்டியல் போட்ட நூர்தீன், கலியாணச் சோற்றுக்குச் சின்ன வெங்காயமா பம்பாய் வெங்காயமா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, உடனே இருமினார்.

கொட்டிலில் மீதிப் பாதி தொங்கியது. நஃபீஸா கூட்டப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றிரண்டு பிடியில் நுனி பச்சை வைக்கத் தொடங்கியிருந்தது. முளைத்தால் விதைக்குத்தான், ஓட்டுக்கு ஆகாது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. விலை ஒருதரம், ஒரேயொரு தரம் மேலே எட்டிப் பார்த்தால் போதும்.

இந்த நாட்களில் வீட்டில் ஒரு சின்ன மர்மமும் நடந்தது. "எண்ட போன்ல டேட்டாவ யாரு முடிக்கிற?" என்று ஸஹ்றா இரண்டு முறை சத்தம் போட்டாள். "வெங்காயத்துக்கு மருந்து தேடினன்," என்றார் வாப்பா. எந்த மருந்து என்று அவளும் கேட்கவில்லை. கலியாணப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை.

ஒருநாள் அஸருக்குப் பிறகு நஃபீஸா தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். மணலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் வந்ததும் உள்ளே யாரோ சுத்தமான இந்தியத் தமிழில் பேசுவது கேட்டு நின்றாள்.

ஸஹ்றாவின் போன் ஒரு சாக்கின் மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்: வெங்காயம் விளையும் மாநிலத்தில் மழை, வரத்து எப்படி, புதிய மந்திரி என்ன சொன்னார். அதன் முன்னால் ஓர் உரப் பையை விரித்துப் போட்டு, தொங்குகிற வெங்காயப் பிடிகளுக்குக் கீழே சம்மணமிட்டு இருந்தார் இஸ்ஸதீன். இரண்டு கையும் ஏந்தியிருந்தது. கண் இறுக மூடியிருந்தது. தலை இடமும் வலமும் மெல்ல ஆடியது.

"யா அல்லாஹ்," என்று ஆரம்பித்து, கொஞ்சம் யோசித்தார். கேட்பது பக்கத்து நாட்டு விஷயம். பார்த்துக் கேட்க வேண்டும். "அவங்கட வெங்காயத்த அழுக வெச்சிடாத. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க. அவங்களுக்கும் எங்கயாவது ஒரு கூரை பாதியில நிக்கும். மழைய அளவாக் குடு. அந்தப் புது மந்திரி நல்ல மனுசன் போலத்தான் தெரியுது, அவருக்கு சுகத்தக் குடு..."

போனில் விளம்பரம் வந்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கையை மடியில் இறக்கி, விளம்பரம் முடியும்வரை பொறுமையாக இருந்தார். செய்தி திரும்ப வந்ததும் கையை மறுபடி ஏந்தினார்.

நஃபீஸா கோப்பையோடு அங்கேயே நின்றாள். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது.

"அந்தச் சனத்துக்கு நல்ல பசியக் குடு ரஹ்மானே," என்றார் இஸ்ஸதீன், மிக மெதுவாக, தலைமன்னாரைத் தாண்டிப் போக வேண்டிய குரலில். "அவங்கட வெங்காயத்த அவங்களே ஆசையாத் திண்டு முடிக்கட்டும். பசி எண்டா சும்மா பசி இல்ல... கலியாண வீட்டுப் பசி."